லேப் வாசல்

மார்ச் 4

அக்கா,

நலம் விசாரிக்க எழுதவில்லை. நீ நலமாகத்தான் இருப்பாய். போன வாரம் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த ஒப்பந்த வரைவில் உன் கையெழுத்தைப் பார்த்தேன். ஒரு நடுக்கமும் இல்லை.

முதல் பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறாய்? "சமுதாயக் கல்லூரியின் மின்னியல் டிப்ளமோவை முடித்தவர்களின் அறுபது கிரெடிட்டையும் பல்கலைக்கழகம் ஏற்றுக்கொள்ளும்." படித்த கையோடு வகுப்புக்குப் போனேன். "இனிமே முதல் வருஷத்துல இருந்து மாரடிக்க வேண்டாம். நேரா மூணாம் வருஷம்" என்றேன். ஒரே விசில். எங்கள் முதல்வர் எல்லோருக்கும் ஸ்வீட் வாங்கிக் கொடுத்தார். அவர் சட்டைப் பைக்குள் கை போய் நான் பார்த்ததே அன்றுதான்.

இன்று காலை நான்காம் பக்கத்தைப் புரட்டினேன். ஒரு அட்டவணை. 'முதன்மைப் பாடம்' என்ற கட்டத்தில் பூஜ்யம். அறுபதும் 'விருப்பப் பாடம்' என்ற கட்டத்தில். உங்கள் பட்டத்துக்கு விருப்பப் பாடம் பதினைந்து கிரெடிட் போதும். மீதியை என்ன செய்வது, சட்டம் போட்டு சுவரில் மாட்டுவதா? சர்க்யூட், மெஷின், அளவைக் கருவிகள் எல்லாம் எங்களிடம் இரண்டு வருடம் படித்தவன் உங்களிடம் வந்து, மறுபடி ஃபீஸ் கட்டி, அதே பாடங்களுக்கு முதல் வருடப் பெஞ்சில் உட்கார வேண்டும். கிரெடிட் கணக்கில் ஏறும், பட்டத்தில் ஏறாது. விருந்துக்குக் கூப்பிட்டு இலையைப் போடாமல் நிற்க வைப்பது இதுதான்.

என் வகுப்பில் ஒரு லிஃப்ட் மெக்கானிக் இருக்கிறாள். பகலில் வேலை, மாலையில் படிப்பு. நான் சொன்ன மறுநாளே கம்பெனியில் ராஜினாமா கொடுத்துவிட்டாள். உங்கள் மூன்றாம் வருட வகுப்பு பகலில்தானே. ஒரு மாத நோட்டீஸ் ஓடிக்கொண்டிருக்கிறது.

போன் பண்ணலாம். பண்ணினால் இரண்டாவது நிமிடம் நீ வைத்துவிடுவாய், இல்லாவிட்டால் நான். அதனால்தான் எழுத்து. பதில் வேண்டும்.

தம்பி

•

மார்ச் 9

தம்பி,

வீட்டுச் சண்டையை ஆபீஸ் ஃபைல் பையில் செருகி அனுப்பாதே. பை என் மேசைக்கு வருவதற்குள் இரண்டு பேர் பிரித்துவிடுகிறார்கள். என் உதவியாளர் உன் கடிதத்தை நீட்டி, "மேடம், உங்களுக்குத் தம்பி இருக்காரா? சொல்லவே இல்லையே!" என்று கேட்டார். எந்த முகத்தை வைத்துக்கொண்டு பதில் சொல்ல? பதிவாளரிடம் போய், எதிர்த் தரப்பில் இருப்பவன் என் கூடப்பிறந்தவன் என்று நானே சொல்லிவிட்டு வந்தேன். குழுவில் இந்த விஷயம் எடுக்கப்படும்போது நான் எழுந்து வெளியே போய்விட வேண்டும் என்றார். இனி வீட்டு முகவரிக்குத் தபாலில் போடு.

அட்டவணைக்கு வருகிறேன். இரண்டு பாடங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இதுவும் அதுவும் சமமா என்று பார்த்து எழுதுவது என் வேலை. சமம் என்று தெரிந்தாலும் முதன்மைக் கட்டத்துக்குப் போக இன்னொரு கையெழுத்து வேண்டும். அதற்கு அடுத்த பாடத்தை நடத்தும் ஆசிரியர், 'இவர்கள் என் வகுப்பில் தாக்குப்பிடிப்பார்கள்' என்று போட வேண்டும். உங்கள் கல்லூரி அனுப்பியதோ பாடத்தின் தலைப்பும் மணிக்கணக்கும் மட்டும். அதைப் பார்த்து யார் போடுவார்கள்? மெஷின் பாடத்துக்கு அடுத்ததை நடத்துபவர் உன் அத்தான். அவர் முடியாது என்றார். மற்றவர்கள் அவர் முகத்தைப் பார்த்துவிட்டுப் பேனாவை மூடிவிட்டார்கள்.

ஒரு வரியைப் படித்துவிட்டு வகுப்புக்கு ஓடியது யார்? பள்ளிக்கூடத்திலேயே கேள்வித்தாளின் பின்பக்கத்தைத் திருப்பாமல் முதல் ஆளாக எழுந்து வருவாய். வரைவு என்றால் வரைவுதான், வாக்குறுதி இல்லை.

வாரம் வாரமாக, பரிசோதனை பரிசோதனையாக விரிவான பாடத்திட்டம் எழுதி அனுப்பு. குழு ஏப்ரல் 2 அன்று கூடுகிறது. அதற்குள் நான் சரிபார்க்க வேண்டும்.

அம்மா நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கவில்லை. "அவன் சாப்பிடுறானாமா?" என்று மட்டும் கேட்டாள்.

அக்கா

•

மார்ச் 14

அக்கா,

பாடத்திட்டம் ஃபைல் பையில் வருகிறது. முப்பது பக்கம், மூன்றே நாளில். உங்கள் குழுவாக இருந்தால் தலைப்பை எந்த எழுத்தில் அச்சடிப்பது என்று பேசவே மூன்று மாதம் ஆகியிருக்கும்.

அத்தான் முகத்தைப் பார்த்தார்களாமா? நானும் பார்த்திருக்கிறேன். இதே டிப்ளமோவை முடித்து, மார்க் ஷீட்டைக் கையில் வைத்துக்கொண்டு உன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்தேன். தட்டிலிருந்து தலையைத் தூக்காமல், "உன்னால முடியாதுப்பா. முதல் வருஷத்துல சேரு" என்றார். "உங்க கிளாஸ்ல பசங்க கத்துக்குறதைவிட எங்க லேப்ல எலி அதிகமா கத்துக்குது" என்று நான் சொன்னது அதிகப்பிரசங்கித்தனமாகவே இருக்கட்டும். நீ டம்ளரில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாய். நிரம்பி வழிந்தது. வாயைத் திறந்தாயா? அன்று எழுந்து வந்தவன், மூன்று வருடமாக அவர் வாசலை மிதிக்கவில்லை. பட்டம் இல்லாமல் லேப் பயிற்றுநராக இருக்கிறேன். குறைந்து போய்விடவில்லை.

என் விஷயம் விடு, ஆறிப்போன கஞ்சி. லிஃப்ட் மெக்கானிக் நேற்று வகுப்பு முடிந்ததும் நின்றாள். "சார், நோட்டீஸ் முடிய இன்னும் நாள் இருக்கு. வாபஸ் வாங்கணும்னா இப்பவே சொல்லிடுங்க. என் இடத்துக்கு ஆள் எடுக்கப் போறாங்க."

"வேண்டாம்" என்றேன்.

அந்த முப்பது பக்கத்தில் ஒரு ஓட்டையும் கிடையாது. அத்தான் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கட்டும்.

தம்பி

•

மார்ச் 20

தம்பி,

பூதக்கண்ணாடி தேவைப்படவில்லை.

மெஷின் லேப், எட்டாவது பரிசோதனை: இரண்டு மின்னாக்கிகளை (ஆல்டர்னேட்டர்) இணைத்து ஓட்டுதல். இரண்டுக்கும் நடுவில் மூன்று விளக்குகள், அவை மூன்றும் அணையும் நொடியில் சுவிட்சைப் போட வேண்டும் என்று எழுதியிருக்கிறாய். அதன் கீழே ஒரு எச்சரிக்கை: 'இடப்பக்கக் காவல் தகட்டைக் கயிற்றால் கட்டிய பிறகே மெஷினை ஓட்டவும்.'

அந்தக் கயிறு எங்கள் கயிறு. எங்கள் லேபில் இருக்கும் பழைய மெஷினின் தகடு கழன்று கழன்று விழும். புது போல்ட் வரும்வரை கட்டி வைத்திருக்கிறார்கள். அந்த வரியை அத்தான் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல, போன வருடம் டைப் அடித்தவள் நான். எங்கள் பாடத்திட்டத்தை இணையத்திலிருந்து இறக்கி, கல்லூரிப் பெயரை மட்டும் மாற்றி, கயிற்றோடு சேர்த்து எனக்கே திருப்பி அனுப்பியிருக்கிறாய். உங்கள் லேபில் ஆல்டர்னேட்டர் இருக்கிறதா? ஒன்றாவது?

இல்லாத பரிசோதனையை இருப்பதாக ஒரு கல்லூரி எழுதியது தெரியவந்தால், அந்தக் கல்லூரியோடு ஐந்து வருடம் எந்தப் பேச்சும் கூடாது. இது விதி. கண்ணில் பட்ட அன்றே நான் பதிவாளரிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. ஃபைல் 'சரிபார்க்கப்படாதவை' கட்டில் கிடக்கிறது. ஒவ்வொரு முறை யாராவது அறைக்குள் வரும்போதும் என் கை தானாக அந்தக் கட்டின் மேல் போகிறது.

உன் அத்தானைப் பற்றி ஒன்று. நீ மார்க் ஷீட்டோடு வந்ததற்கு முந்தைய வருடம், வேறொரு கல்லூரிப் பிள்ளைகளுக்காக இரக்கப்பட்டு அவர் கையெழுத்துப் போட்டார். நேராக மூன்றாம் வருடம். பாதிப் பேர் அவருடைய தாளிலேயே விழுந்தார்கள். அதில் ஒரு பையன் தன் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்து வராந்தாவில் நின்றான். அந்த அம்மா, "நீங்கதானே சார் வரச் சொன்னீங்க?" என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டாராம். அவர் 'முடியாது' என்று சொல்லப் பழகியது அதன் பிறகு.

என்ன செய்யப் போகிறாய்?

அக்கா

•

மார்ச் 23

அக்கா,

இல்லை. ஆல்டர்னேட்டர் இல்லை. இரண்டு மோட்டார், ஒரு டிரான்ஸ்ஃபார்மர், கால் உடைந்த ஒரு ஸ்டூல், அதன்மேல் உட்காரும் நான். இதுதான் லேப். கேட்டுக் கேட்டு வாய் வலித்ததுதான் மிச்சம். "ஒப்பந்தம் வரட்டும், மெஷின் தானா வரும்" என்கிறார் முதல்வர். நீங்களோ மெஷின் வந்தால்தான் ஒப்பந்தம் என்கிறீர்கள். நடுவில் என் பிள்ளைகள் பந்து மாதிரி.

எழுதினேன். என் பொய் ஒரு பரிசோதனை. 'ஏற்றுக்கொள்ளும்' என்று முதல் பக்கத்தில் போட்டு நான்காம் பக்கத்தில் ஒளித்து வைத்த உங்கள் பொய் அறுபது கிரெடிட். எது பெரியது? சமமா இல்லையா பார்ப்பவள் நீதானே, பார்த்துச் சொல்.

போய்ச் சொல் பதிவாளரிடம். நானும் அந்த நான்காம் பக்கத்தைப் பத்திரிகைக்கு அனுப்புகிறேன். ஊர் சிரிக்கட்டும்.

அத்தான் கதையைக் கேட்டு எனக்கு அழுகை வரவில்லை. பாதிப் பேர் விழுந்தார்கள் என்றால் மீதிப் பாதி எழுந்து நின்றார்கள். அவர்களை ஏன் ஒருத்தரும் எண்ணவில்லை? அவர்களுக்கும் அம்மா இருந்திருப்பாள். அவள் வராந்தாவுக்கு வந்து நன்றி சொல்லவில்லை, அவ்வளவுதான்.

தம்பி

•

மார்ச் 25

தம்பி,

பத்திரிகைக்குத் தாராளமாக எழுது. முகவரி வேண்டுமானால் தருகிறேன்.

நீ கேட்டதில் ஒன்று சரி. எழுந்து நின்ற பாதியை அவர் எண்ணவில்லை. அதை அவரிடமே கேட்டேன். அதிலிருந்து என்னோடு பேச்சு இல்லை. உப்பு வேண்டுமென்றால்கூட அம்மா வழியாகத்தான் வருகிறது.

இப்போது என் கேள்வி. அந்த லிஃப்ட் பெண் உன் காகிதத்தை நம்பி மூன்றாம் வருடத்தில் வந்து நிற்கிறாள். இந்தப் பரிசோதனையைச் செய்து பழகியவள் என்று நினைத்து அத்தான் முதல் நாளே, "போடும்மா" என்று சுவிட்சைக் காட்டுகிறார். அவள் தப்பான நொடியில் போட்டால் என்ன ஆகும்?

எனக்குத் தெரியாது. நான் டைப் மட்டும் அடித்தவள். உனக்குத் தெரியும். எழுது.

அக்கா

•

மார்ச் 29

அக்கா,

தப்பான நொடியில் போட்டால் இரண்டு மெஷினும் ஒன்றையொன்று பிடித்து இழுக்கும். யோகம் இருந்தால் ஃபியூஸோடு போகும். இல்லாவிட்டால் இணைப்பு முறியும், தகடு பறக்கும். பக்கத்தில் நிற்பவள் அவள்.

இவ்வளவுதான் பதில். இதை எழுத எனக்கு இத்தனை நாள் ஆனது.

நேற்று வகுப்பில் எல்லாவற்றையும் சொன்னேன். நான்காம் பக்கம், நான் இறக்கி எழுதியது, எல்லாம். லிஃப்ட் மெக்கானிக் எழுந்தாள்.

"சார், மேல போறதுக்கு ஆளை ஏத்திட்டு, ரெண்டு மாடிக்கு நடுவுல நிறுத்தினா எங்க தொழில்ல அதுக்கு என்ன பேரு தெரியுமா?"

"என்ன?"

"கேஸு."

வகுப்பு சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. "என் இடத்துக்கு ஆள் போட்டாச்சு சார். இனி எனக்குக் கீழ இறங்க வழி இல்ல. அந்த மெஷின் அவங்க லேப்ல சனிக்கிழமை சும்மாத்தானே கிடக்கும்? போய் அங்கேயே கத்துக்குறோம். கேட்டுப் பாருங்க. கேட்டா தலையையா வெட்டப் போறாங்க?"

முப்பது பக்கம் எழுதும்போது எனக்கு இது தோன்றவில்லை. இல்லாததை இருக்கிறது என்று எழுதுவது கேட்பதைவிடச் சுலபமாக இருந்தது.

எட்டாவது பரிசோதனையைத் திரும்பப் பெறுகிறோம் என்று கடிதம் ஃபைல் பையில் வருகிறது. தவறு என் ஒருவனுடையது என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன். முதல்வர், "அஞ்சு வருஷம் கதவு மூடிடுமேப்பா, உன் வேலையும் போகுமே" என்று என் பேனாவைப் பிடித்தே இழுத்தார். அதே கடிதத்தில் ஒரு வேண்டுகோள்: சனிக்கிழமைகளில் உங்கள் லேப். கடைசியில் அத்தானே பரீட்சை வைக்கட்டும். தேறியவர்களுக்கு மட்டும் மெஷின் பாடத்தை முதன்மைக் கட்டத்தில் போடுங்கள். தயவு கேட்கவில்லை. சோதித்துப் பாருங்கள் என்கிறேன்.

பத்திரிகைக்கு எழுதவில்லை.

தம்பி

•

ஏப்ரல் 3

தம்பி,

நேற்றைய குழுவுக்கு முன்பே பதிவாளரிடம் போய், அந்தப் பக்கத்தை நான் பதின்மூன்று நாளுக்கு முன்பே பார்த்துவிட்டேன், சொல்லாமல் வைத்திருந்தேன் என்றேன். மெமோ கொடுத்திருக்கிறார். வாங்கிக்கொண்டேன். உன்னைத் திட்டும் உரிமை எனக்கு முழுசாக இருக்க வேண்டும் அல்லவா.

உங்கள் விஷயம் எடுக்கப்பட்டதும் எழுந்து வெளியே போனேன். வராந்தாவில் ஒரு பெஞ்ச் இருக்கிறது. அந்தப் பையனின் அம்மா நின்ற இடம் அதற்கு எதிரேதான். கதவுக்கு இந்தப் பக்கம் ஒரே ஒரு குரல்தான் கேட்டது, வகுப்பெடுத்து வளர்ந்த தொண்டை. "போன தடவை நான் கையெழுத்துப் போட்டது தப்பில்ல. பிள்ளைங்களை முன்னாடியே ஒரு தடவை கூப்பிட்டுப் பார்க்காமப் போட்டேன் பாருங்க, அதுதான் தப்பு. இந்தப் பையன் பார்க்கச் சொல்றான். பார்ப்போமே." யாரோ அந்த ஐந்து வருட விதியைச் சொல்லியிருக்க வேண்டும். "கண்டுபிடிச்சோம்னு எழுதப் போறீங்களா, அவங்களே சொன்னாங்கன்னு எழுதப் போறீங்களா?" என்று மறுபடி அவர்.

முடிவு இதுதான். மற்றப் பாடங்கள் முதன்மைக் கட்டத்துக்குப் போகின்றன. மெஷின், சனிக்கிழமை லேபுக்குப் பிறகு. மே கடைசியில் பரீட்சை. உங்கள் பதினொரு பேரில் பாதிக்கு மேல் தேறினால்தான் ஒப்பந்தம் நிற்கும். இல்லாவிட்டால் மொத்தமும் ரத்து, தேறியவர்களுக்கும் சேர்த்து.

கல்லூரிப் பயிற்றுநர் கூடவே வர வேண்டும் என்று அத்தான் ஒரு நிபந்தனை சேர்த்திருக்கிறார். அதாவது நீ.

அக்கா

•

மே 6

அக்கா,

வருகிறேன். ஒவ்வொரு சனிக்கிழமையும் பதினொரு பேரையும் பஸ்ஸில் ஏற்றிக் கொண்டுவந்து லேப் வாசலில் விடுகிறேன். 'கூட வர வேண்டும்' என்றுதான் நிபந்தனை, 'உள்ளே வர வேண்டும்' என்று இல்லை. நானும் இப்போது பின்பக்கத்தைத் திருப்பிப் படிக்கக் கற்றுக்கொண்டேன். கதவில் கண்ணாடி இருக்கிறது. அதன் வழியாகப் பார்க்கிறேன். கயிறு இன்னும் அப்படியேதான் இருக்கிறது.

போன வாரம் லிஃப்ட் மெக்கானிக்கின் முறை. விளக்குகள் மினுக்மினுக்கென்று எரிந்து அணைந்துகொண்டிருந்தன. மெஷின்கள் இரண்டும் வேகத்தில் நெருங்க நெருங்க அந்த மினுக்கல் மெதுவாகும், மூச்சு விடுவது மாதிரி. அதுவரை பொறுக்க வேண்டும். அவள் பொறுக்கவில்லை. முதல் முறை அணைந்ததுமே போட்டுவிட்டாள். டம் என்று ஒரு சத்தம். ஃபியூஸோடு போனது.

அத்தான் அவளைத் திட்டவில்லை. நிமிர்ந்து கதவுப் பக்கம் என்னைப் பார்த்தார். இந்த அவசரத்தை அவள் யாரிடம் கற்றாள் என்று தெரிந்துகொண்ட பார்வை.

அவளுக்கு இப்போது வேலை இல்லை. கிடைத்த இடத்தில் மிக்ஸி, ஃபேன் ரிப்பேர் பார்க்கிறாள். பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்து, "அடுத்த தடவையும் போச்சுன்னா எத்தனை பேர் வயித்தெரிச்சல் சார் எனக்கு?" என்று கேட்டாள். வாக்குக் கொடுப்பதை நிறுத்திவிட்டேன்.

லேப் வாசல் வரை வந்துவிட்டானே என்று அம்மாவிடம் சொல்லி சந்தோஷப்படாதே. அது பல்கலைக்கழகத்தின் வாசல். அத்தான் வீட்டு வாசல் கணக்கில் வராது.

தம்பி

•

மே 31

தம்பி,

பரீட்சை முடிந்து நீ யாரிடமும் பேசாமல் பஸ் ஏறிவிட்டாயாம். அத்தான் வீட்டுக்கு வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் சொன்னதை எழுதுகிறேன். என்னோடு நேரடியாகவே பேசினார்.

ஆறாவது ஆளாக அந்தப் பெண் வந்திருக்கிறாள். அதற்கு முன் ஐந்து பேரில் மூன்று பேர் தேறியிருந்தார்கள். கை சுவிட்சின் மேல். "விளக்கு மூணும் அணைஞ்சுது. அவ போடல. திரும்ப எரிஞ்சு திரும்ப அணைஞ்சுது. அப்பவும் போடல. பக்கத்துல நின்ன பசங்க 'போடு, போடு'ங்கறாங்க. கழுத்துல வேர்வை வழியுது, துடைக்கக்கூட கையை எடுக்கல. மூணாவது தடவை ரொம்ப மெதுவா அணைஞ்சுது பாரு, அப்ப போட்டா. ஒரு சின்னச் சத்தம்கூட இல்ல. ரெண்டும் ஒண்ணா ஓட ஆரம்பிச்சிடுச்சு. என் வகுப்புப் பசங்கள்ல எத்தனை பேர் அவ்வளவு பொறுப்பாங்க, சொல்லு."

பதினொரு பேரில் ஏழு பேர். மற்ற நால்வரும் ஆகஸ்டில் மறுபடி எழுதலாம் என்று அவரே எழுதிக் கொடுத்திருக்கிறார். ஏழு பேரின் பெயரையும் அவர் வரிசையாக வாய்விட்டுச் சொன்னார். விழுந்தவர்களை மட்டும் எண்ணும் மனிதர் என்று இனி நீ சொல்ல முடியாது. ஒப்பந்தத்தில் நேற்று மாலை இரு தரப்பும் கையெழுத்துப் போட்டாயிற்று. மெஷின் பாடம் முதன்மைக் கட்டத்தில் இருக்கிறது. நான்காம் பக்கத்தை முதல் பக்கமாக்கச் சொல்லி நான் எழுதிக் கொடுத்தேன், ஒத்துக்கொண்டார்கள்.

இன்னொன்றும் அவர் சொன்னார். அந்தப் பெண் இரண்டாவது முறையும் சுவிட்சைப் போடாமல் நின்றபோது, கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தவன் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்துவிட்டானாம். மெஷினுக்கு இரண்டடி தூரத்தில், அவர் தோளுக்குப் பக்கத்தில், மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றானாம். எப்போது வந்தான் என்று அவனுக்கே தெரிந்திருக்காது என்றார். "நான் திரும்பிப் பார்க்கல. பார்த்தா போயிடுவான்."

அது லேப் வாசல், வீட்டு வாசல் இல்லை என்று நீ வாதாடுவாய். இதுவும் அதுவும் சமமா இல்லையா என்று பார்த்து எழுதுவதற்குத்தான் எனக்குச் சம்பளம். பார்த்துவிட்டேன். சமம்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் வா. அம்மா உனக்கும் சேர்த்து உலை வைக்கிறாள்.

அக்கா